ஸ்திரீயே, மரியாளே

சபை வழக்கில் 'அழைப்பு' என்ற சொல் ஆணுக்கு ஒரு பொருளிலும் பெண்ணுக்கு வேறொரு பொருளிலும் வழங்குகிறது. தனக்கு அழைப்பு வந்ததாக ஓர் ஆண் சொன்னால், வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாம். சபை அவன் சாட்சியைக் கேட்டு ஸ்தோத்திரம் சொல்லும். பெண்ணுக்கோ எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது: மனைவி, தாய், ஊழியருக்குத் துணை. ஊழியத்துக்குப் போனவரின் வீட்டு வாடகையை அவள் சம்பளம் கட்டினாலும் அதை யாரும் அழைப்பு என்பதில்லை. குடித்துவிட்டு வரும் கணவனின் அடி மட்டும் 'தேவ சித்தம்', 'உன் சிலுவை' என்ற பெயர்களில் அவள் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அழைப்பு குருமாருக்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைத்தவர் மார்ட்டின் லூதர். 1522இல் மண வாழ்க்கை பற்றி எழுதிய நூலில், விசுவாசத்தோடு குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனைப் பார்த்துக் கடவுளும் தூதர்களும் மகிழ்கிறார்கள் என்றார். சாதாரண விசுவாசிக்கு அது பெரிய விடுதலை. அதே நூலில், பிரசவத்தில் இறக்க நேர்ந்தாலும் கடவுளின் வேலையில் இறக்கிறாய், மகிழ்ச்சியோடு போ என்று பெண்ணுக்கு ஆறுதலும் சொல்கிறார். துணி அலசுவது அவன் மனமுவந்து செய்யும் அன்பு. சாவது அவள் கடமை. எல்லா வேலையும் புனிதம் என்று போதிப்பவர்கள், அந்த வேலையை யாருக்கு யார் பங்கிட்டது என்றும் கேட்க வேண்டும்.

கேட்டால் 1 கொரிந்தியர் 7:20ஐக் காட்டுவார்கள்: அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு. அடுத்த வசனத்தில், அடிமை விடுதலையாக முடியுமானால் அதுவே நலம் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. நிலை வேறு, அழைப்பு வேறு.

இதை 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரின் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் உடம்பால் சொன்னார்கள். அன்று அங்கே 'ஊழியம்' என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. மார்பை மூடாதிருப்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிலை. திருமுழுக்குப் பெற்றவர்கள் மேலாடை அணிந்தார்கள், அது பொதுவெளியில் கிழிக்கப்பட்டது, மறுபடியும் அணிந்தார்கள். 1859இல் அரசரின் பிரகடனம் மார்பை மூடும் உரிமையைத் தந்தது, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அழைக்கப்பட்ட நிலையில் அவர்கள் இருந்துவிடவில்லை. அதை மறுத்ததே அழைப்புக்கு அவர்கள் சொன்ன பதில்.

தமிழில் அழைப்பும் ஏவலும் ஒன்றல்ல. கல்யாணத்துக்கு அழைத்தவரிடம் வர இயலாது என்று சொல்லலாம். நாசரேத்து மரியாள்கூட, இது எப்படி ஆகும் என்று தூதனிடம் கேட்ட பிறகுதான் சம்மதித்தாள். மார்த்தாள் முறையிட்டபோதும் இயேசு அவள் தங்கையைப் பணிவிடைக்கு எழுப்பி அனுப்பவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில், கல்லறையருகே 'ஸ்திரீயே' என்று கூப்பிட்டபோது மகதலேனா மரியாளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. 'மரியாளே' என்றபோதுதான் தெரிந்தது. உடனே அவளுக்கு ஒரு வேலையும் தரப்பட்டது: போய்ச் சொல்.

இதுதான் கடவுள் உனக்கு வைத்த நோக்கம் என்று ஒரு பெண்ணிடம் யாராவது சொன்னால், அவள் இரண்டைக் கேட்கலாம். இது என் பெயருக்கு வந்ததா, பெண் என்ற நிலைக்கு வந்ததா? இதை மறுக்க எனக்கு இடமுண்டா? இடமில்லை என்றால், அது பழைய திருவிதாங்கூர் ஊழியம்தான்.