காணாமையும் இன்மையும்

ஸ்லாட்டில் செருகிய கிராபிக்ஸ் கார்டு கண்ணெதிரே இருந்தும், கணினி அப்படியொன்று இல்லையென்றே சாதிக்கும்போது, நம் தத்துவ மரபு நெடுங்காலம் விவாதித்த வினாவொன்று எழுகிறது: தோன்றாமையைக் கொண்டு ஒரு பொருளின் இன்மையை நிச்சயித்துவிடலாமா?

மீமாம்சை தத்துவ அறிஞர் குமாரில பட்டரின் மரபினர் அனுபலப்தியை, அதாவது காணாமையை, தனிப் பிரமாணமாகவே, அறிவுக்குரிய தனி ஆதாரமாகவே, ஏற்றனர். ஆயினும், காண்பதற்குரிய நிலைமைகள் யாவும் பொருந்தியிருந்தும் காணப்படாததே இல்லாதது என்ற நிபந்தனையை அவர்கள் கைவிடவில்லை. கணினிக்கு இந்த விவேகம் கிடையாது. கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ முறையில் அது ஒவ்வோர் இடத்திலும் தயாரிப்பாளரைக் குறிக்கும் 16 பிட் எண்ணைக் கேட்கிறது. விடையளிப்பார் இல்லையெனில் அத்தனை பிட்டுகளும் 1 ஆகவே திரும்பிவர, அவ்விடம் சூனியமென்று தீர்மானித்து அப்பால் சென்றுவிடுகிறது. கார்டு இல்லாமையும், இருந்தும் சரியாக அமராமையும் அதற்கு ஒரே மௌனம்தான்.

உள்ள பொருளும் புலப்படாதிருக்க எட்டுக் காரணங்களைச் சாங்கிய தத்துவ நூலான சாங்கிய காரிகை கூறுகிறது. மறைப்பு அவற்றுள் ஒன்று. பொன்னிறத் தொடுமுனைகளில் படிந்த அழுக்கு அவ்வினத்தது. மின்னிணைப்பை நீக்கி, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்லாட்டின் கொக்கி விழும்வரை அழுத்திச் செருகியபின், அதுவரை இல்லாதிருந்தது பல வேளைகளில் உள்ளதாகிவிடுகிறது.

இந்த நிபந்தனை கடவுள் பற்றிய வாதத்துக்கும் பொருந்தும். கடவுளைக் கண்டிலேன், ஆதலின் இல்லை என்பாரும், கண்டிலேனாயினும் உளர் என்பாரும், காண்பதற்குரிய நிலைமை எதுவென்று முதலில் கூறக் கடமைப்பட்டவர்களென்றே நான் கருதுகிறேன். கார்டின் வகையில் அந்நிலைமை தெளிவானது: பழுதற்ற வேறு கணினிகளில் முறையாகச் செருகியும் புலப்படாத கார்டைக் கெட்டதென்றே கொள்ளவேண்டும். அங்கே காணாமை பிரமாணமாகிவிடுகிறது.