யார் தலைக்கு மேல் சூரியன்

அப்பாவின் திதி ஐப்பசி மாதத் தேய்பிறை சப்தமி. அது எந்தத் தேதியில் வருகிறது என்று அம்மா கும்பகோணத்திலிருந்து போனில் சொல்வார். நான் சென்னையில் லீவுக்கு எழுதிக் கொடுப்பேன். ஆனால் நிரல் எழுதுவது என் தொழில். ஒரு தேதி எங்கிருந்து பிறக்கிறது என்று தெரியாமல் அதை வாங்கி வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. திதியைக் கணக்கிட ஒரு சின்ன ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, கணக்கைவிடப் பழைய கேள்வி ஒன்று முன்னால் வந்து நின்றது. இறந்தவருக்கு இறைக்கும் எள்ளும் தண்ணீரும் அவரைச் சேர, நாள் சரியாக இருக்க வேண்டுமா? சரி என்றால், எதற்குச் சரி?

கணக்கு எளிமையானதுதான். சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று பார்த்து 12ஆல் வகுக்க வேண்டும். விலகல் 252 பாகையைத் தொடும்போது தேய்பிறை சப்தமி பிறக்கிறது, 264இல் முடிகிறது. சந்திரனின் பாதை நீள்வட்டம் என்பதால் அதன் வேகம் ஒரு சீராக இருப்பதில்லை. ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்தில் முடிவதும் உண்டு, 26 மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. சந்திரன் எங்கே இருக்கிறது என்பதை நான் ஸ்விஸ் எஃபெமெரிஸ் என்ற மென்பொருளிடம் கேட்கிறேன். அதற்கு அடிப்படை அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி தயாரிக்கும் கோள்நிலைக் கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்தமாக்குபவற்றுள் ஒன்று, 1969இல் அப்பல்லோ 11 குழு நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான். பூமியிலிருந்து லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி வர ஆகும் நேரத்தை இன்றும் அளக்கிறார்கள். என் அப்பாவுக்குத் திதி கொடுக்கும் நாளை அறிய, நிலவில் கிடக்கும் அந்தக் கருவியும் உதவுகிறது என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அம்மா நம்புவது பாம்புப் பஞ்சாங்கத்தை. அது வாக்கியப் பஞ்சாங்கம். நான் போடும் கணக்கு, வானத்தில் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகும். திதி முடியும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேர வித்தியாசம் வரலாம். சில ஆண்டுகளில் அதனால் நாளே மாறிவிடும். 2023இல் இதே வித்தியாசம் சனிப்பெயர்ச்சியில் ஊரறியத் தெரிந்தது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17 அன்றே ஆகிவிட்டது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது டிசம்பர் 20 அன்றுதான் நடந்தது. ஒரே சனி, இடையே பதினோரு மாதம்.

வாக்கிய முறையைப் படித்த பிறகு அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து கிளம்பி மறுபடி அதே நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். ஒன்பது முறை அப்படி வந்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். அதன் எழுத்துகளுக்குள் சந்திரன் நிற்கும் இடம் எண்ணாக ஒளிந்திருக்கிறது. அட்டவணை முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 1825இல் ஜான் வாரன் என்பவர் எழுதிய ‘கால சங்கலிதா’வில் ஒரு செய்தி வருகிறது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டு அந்த ஆண்டு மே கடைசியில் வந்த சந்திர கிரகணத்தை வாரனின் எதிரிலேயே கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. என் தொழிலின் முன்னோர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் அந்த 52 நிமிடம் பிழைதான். வானத்தைச் சாட்சி வைத்துச் செய்யும் ஒரு காரியம், வானம் வேறு சொல்லும்போது காதை மூடிக்கொள்ளக் கூடாது. இதை முதலில் சொன்னவர்கள் நம்பிக்கையற்றவர்கள் என்று நினைத்தால் தவறு. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கிப் புத்தகம் எழுதியவர். அவரே திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கணித்து வெளியிட்டார். சடங்கை விடாதவர் என்பதால்தான் அதன் நேரம் பிசகுவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். திருத்துவதும் பக்திதான்.

அப்படியானால் வாக்கியப்படி கொடுத்த அம்மாவின் இத்தனை ஆண்டுத் திதிகள் வீணா? அப்படி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்ததில் சிறந்ததைக் கேட்டு, அது சொன்ன நாளில், வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் படித்துறைக்குப் போனவர் அவர். அவருடைய சிரத்தையில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. குறை என்று நான் நினைப்பது வேறு. இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்து வைத்து, எது சனி ஞாயிற்றில் விழுகிறதோ அதை எடுத்துக்கொள்வது. அங்கே நாளைச் சொல்வது வானமும் இல்லை, மரபும் இல்லை, நம் வசதி.

இத்தனைக்கும் பிறகுதான் அக்காவின் கேள்வி வந்தது. அவள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அன்றைக்கு இலை போட்டுப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைப்பாள். “தம்பி, நீ எழுதினியே, அதுல எனக்கும் நாள் பார்த்துச் சொல்லு” என்றாள். போட்டுப் பார்த்தேன். சப்தமி நம் ஊரில் திங்கட்கிழமை மாலை 4 மணியையொட்டித் தொடங்கி மறுநாள் மாலை 5 மணி வரை இருந்தது. பகற்பொழுதை ஐந்தாகப் பிரித்து, நான்காவது கூறாகிய பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் சிராத்தத்துக்கு உரியது என்பது விதி. கும்பகோணத்தில் அந்தக் கூறு ஏறக்குறைய ஒரு மணியிலிருந்து மூன்றரை மணி வரை. திங்கள் பிற்பகலில் சப்தமி பிறக்கவே இல்லை. எங்களுக்குச் செவ்வாய். அவளுக்கோ அதே சப்தமி திங்கள் காலை ஆறரைக்குத் தொடங்கி செவ்வாய் காலை ஏழரைக்கு முடிந்துவிட்டது. அவளுக்குத் திங்கள்.

“ஒரே அப்பாவுக்கு ரெண்டு நாளா?” என்றார் அம்மா. அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். பிள்ளைகள் வேறு வேறு நாளில் கூப்பிட்டால் போனவர் எந்த வீட்டுக்கு வருவார் என்ற பயம்.

நான் என் ப்ரோகிராமையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். சந்திரன் எங்கே என்று கேட்கும் வரிக்கு ஊர் தேவையில்லை. திதி உலகம் முழுவதும் ஒரே கணத்தில் பிறந்து ஒரே கணத்தில் முடிகிறது. பிற்பகல் எப்போது என்று கேட்கும் வரிதான் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்கிறது. யாருடைய ஊர்? அப்பா மூச்சை விட்ட ஊரா? அவர் இப்போது இருப்பதாக நாம் நம்பும் பித்ருலோகத்துக்கு அட்சரேகை ஏது? விதி தயங்காமல் சொல்கிறது: செய்கிறவன் நிற்கும் இடம். இறந்தவரைப் பற்றி அந்தச் சூத்திரம் கேட்பது மாதம், பட்சம், திதி மட்டும். மற்றதெல்லாம் கொடுப்பவரைப் பற்றியது. அவர் எங்கே நிற்கிறார், அவர் தலைக்கு மேல் சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது.

இதை எந்த ஆசாரியரும் எனக்கு உபதேசிக்கவில்லை. எழுதிய வரிகளிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கடன் இருப்பது கடன்பட்டவனிடம். பெறுபவர் எங்கே இருக்கிறார் என்று அறிய முடியாது என்று தெரிந்தே முன்னோர்கள் கொடுப்பவனின் பகலைக் கணக்கில் வைத்தார்கள் என்று நம்புகிறேன். சந்திரன் எங்கள் மூவருக்கும் பொது, அப்பாவைப் போல. பகல் அவரவருடையது. அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அவ திங்கக்கிழமையே செய்யட்டும். அங்க அவ இருக்கா, நாம இல்லையே” என்றார்.

என் விடை போதாமல் போகும் இடமும் உண்டு. நார்வேயின் டிரோம்சோ நகரில் ஆய்வு மாணவனாக இருக்கும் நண்பனின் தந்தைக்கு மார்கழியில் திதி. அந்த ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை. மார்கழி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அவன் ஊரைக் கொடுத்ததும் சூரிய உதயம் இல்லை என்று ப்ரோகிராம் நின்றுவிட்டது. பகலே இல்லாதபோது அதன் நான்காம் கூறுக்கு எங்கே போவது? கணக்கைத் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. யோசித்து, அவனுக்கு எழுதினேன்: உன் அம்மா எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரின் பிற்பகலை எடுத்துக்கொள், அவர்கள் இலை போடும் நேரத்தில் நீயும் போடு. சரிதானா என்று தன் ஊர்ப் புரோகிதரிடம் கேட்டுச் சொல்வதாக அவன் பதில் எழுதியிருக்கிறான். அவர் வேறு சொன்னால், அதையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.