வாதாடுவதா, வாய்தா வாங்குவதா?

உங்கள் தெருவில் ஒரு வக்கீல் குடியிருந்தால், ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியை நீங்கள் அவரிடம் கேட்டிருப்பீர்கள்.

''தப்பு பண்ணவன்னு தெரிஞ்சும் எப்படி சார் அவனுக்காக வாதாடறீங்க? ராத்திரி தூக்கம் வருதா?''

அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி. ''தொழில் தர்மம் சார்'' என்று சிரித்தபடி பாயசத்துக்குத் திரும்பியிருப்பார். நீங்களும் 'தர்மமாம், தர்மம்!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கியிருப்பீர்கள்.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கொண்டு பார்க்கலாமா? அதற்கு, பேரிலேயே தர்மத்தை வைத்திருக்கும் ஒரு மாவட்டத்துக்குப் போய்வர வேண்டும்.

வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடி மக்களின் கிராமம். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக ஊருக்குள் நுழைந்தார்கள். அடி, உதை, சூறை. 18 பெண்களுக்குப் பாலியல் கொடுமை. குடிக்கிற தண்ணீர்க் கிணற்றைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஜெயிலுக்குப் போனது யார் தெரியுமா? அந்த ஊர் ஜனங்கள்தான். பெண்களும் குழந்தைகளும் உட்பட!

அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை. சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு சென்னை ஐகோர்ட் உத்தரவிட்டது. வனத்துறையில் 155 பேர், போலீஸில் 108 பேர், வருவாய்த்துறையில் 6 பேர் என மொத்தம் 269 அரசு ஊழியர்கள் குற்றவாளிக் கூண்டில். 2011 செப்டம்பர் 29-ம் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிரூபணமாகியிருந்தது.

இப்போது பந்திக் கேள்விக்கு வாருங்கள். அந்த 269 பேருக்காகவும் வக்கீல்கள் வாதாடினார்கள். பாதிக்கப்பட்ட பெண்களைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஒவ்வொரு சாட்சியத்தையும் 'இது உண்மைதானா?' என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர்கள் செய்தது தர்மமா?

'இந்தப் படுபாவிகளுக்கு யாரும் ஆஜராகக் கூடாது' என்று வக்கீல்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தால் நீங்களும் நானும் கை தட்டியிருப்போம். அப்படி ஒரு முடிவை நிஜமாகவே எடுத்த ஊரும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் தகராறு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராவதில்லை என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2010 டிசம்பரில், முகமது ரஃபி வழக்கில், நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: இந்த மாதிரித் தீர்மானங்கள் அரசியல் சட்டத்துக்கும் தொழில் ஒழுக்கத்துக்கும் விரோதம், செல்லாது.

அந்தத் தீர்ப்பு ஒரு பழைய லண்டன் கதையையும் நினைவுபடுத்துகிறது. தாமஸ் பெய்ன் என்ற எழுத்தாளர் மன்னராட்சிக்கு எதிராகப் புத்தகம் எழுதி ராஜநிந்தனை வழக்கில் மாட்டிக்கொண்டார். வருஷம் 1792. அவருக்காக வாதாட வந்தவர் தாமஸ் எர்ஸ்கின். இளவரசருக்கே அட்டர்னி ஜெனரல்! வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. பதவி போயிற்று. கேஸும் தோற்றது. ஆனாலும் இருநூறு வருஷத்துக்குப் பிறகு டெல்லியில் அவர் பேரைச் சொல்கிறார்கள்.

பெய்ன் நல்லவர், அவருக்காக வாதாடியது சரி; வாச்சாத்தியில் கொடுமை செய்தவர்களும் அவரும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றே இல்லை. ஆனால் யார் பெய்ன், யார் படுபாவி என்று தீர்ப்புக்கு முன்னால் முடிவு செய்யும் வேலையை வக்கீல் கையில் கொடுத்துவிட்டால், அப்புறம் கோர்ட் எதற்கு? வாச்சாத்தி ஜனங்களையே 'சந்தனக் கடத்தல்காரர்கள்' என்றுதானே ஊரும் உலகமும் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது? 'கடத்தல்காரனுக்கு நான் ஆஜராக மாட்டேன்' என்று எல்லா வக்கீலும் கையை விரித்திருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தண்டனை பெற்றவர்கள் சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச் மாதம் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ம் தேதி, தர்மபுரி தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று, அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு.

அந்தத் தீர்ப்பு ஏன் ஆடாமல் நின்றது? எதிர்த்தரப்பு வக்கீல்கள் தங்கள் பலம் முழுவதையும் போட்டு இடித்துப் பார்த்துவிட்டார்கள். இடித்துப் பார்த்தும் நின்ற சுவர் அது. யாரும் இடித்துப் பார்க்காத சுவராக இருந்திருந்தால், 'எங்கள் தரப்பைச் சொல்லவே விடவில்லை' என்ற ஒரே வரியில் அப்பீலில் சரிந்திருக்கும். வாச்சாத்திப் பெண்களின் வார்த்தைக்கு முத்திரை குத்தியதில், அவர்களை எதிர்த்து வாதாடியவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றாலும்கூட.

ஆகவே, வாதாடுகிற வக்கீல் நிம்மதியாகத் தூங்கலாம். பாயசமும் சாப்பிடலாம்.

பிறகு எங்கேதான் அதர்மம்?

மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். 269-ல் 215 போனால் 54. இத்தனை பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். சம்பவத்திலிருந்து முதல் தீர்ப்புக்கு 19 வருஷம். அப்பீலுக்கு இன்னொரு 12. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண், 2023-ல் பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் நிற்கிறாள். இந்தத் தாமதத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட நான் வரவில்லை. நம் ஊரில் கோர்ட் படி ஏறிய யாருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாதாடி ஜெயிக்க முடியாத கேஸில் வாய்தா வாங்கியே ஜெயிக்கலாம். சாட்சிக்கு வயசாகும், ஞாபகம் போகும், பஸ்ஸுக்குக் காசிருக்காது, அலுப்பு வரும். ஒருநாள் வராமலே போய்விடுவார்.

வாதம் என்பது 'நீ சொல்வது உண்மையா?' என்று கேட்பது. காரணமில்லாத வாய்தா என்பது, 'நீ சொல்லவே வேண்டாம், களைத்துப் போ' என்பது. வக்கீலுக்கான கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

பார் கவுன்சில் விதிகளிலும் அந்தக் கோடு இருக்கிறது. கட்சிக்காரருக்காகப் பயமில்லாமல் வாதாடு என்கிறது ஒரு விதி. கட்சிக்காரரின் ஊதுகுழலாக மட்டும் இருக்காதே, அவர் குறுக்கு வழியில் போனால் தடுத்து நிறுத்து என்கிறது இன்னொன்று. சட்டக் கல்லூரிகளில் தொழில் ஒழுக்கம் கட்டாயப் பாடம். தர்மபுரியிலேயே 2017-லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், மார்க்கும் வாங்குகிறார்கள்.

பரீட்சை முடிந்த பிறகுதானே கஷ்டம்! ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில் புதுசாகச் சேர்ந்த ஜூனியரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா மானாவாரி விவசாயி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. கறுப்புக் கோட்டே கடன் வாங்கித் தைத்தது. சீனியர் சொல்கிறார்: ''தம்பி, இன்னிக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி வாய்தா வாங்கிடு.'' சீனியர் எதிரில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தூரத்து மலையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த சாட்சி, கோர்ட் வராந்தாவில் காத்திருக்கிறார். அந்தப் பையன் என்ன செய்வான்?

யாரிடம் கேட்பான்? சீனியரிடமா?

அமெரிக்காவில் பல மாநில பார் அமைப்புகள் இதற்கென்று ஒரு டெலிபோன் வசதி வைத்திருக்கின்றன. 'இப்படி ஒரு சிக்கல், எது சரி?' என்று வக்கீலே கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டுக்கொள்ளலாம். வருஷா வருஷம் தொழில் ஒழுக்க வகுப்பில் உட்கார்ந்தால்தான் லைசென்ஸ் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. குடிப்பழக்கம், மன உளைச்சல் என்று தடுமாறுகிற வக்கீலைக் கைதூக்கிவிட தனி அமைப்புகளும் இருக்கின்றன. இதையெல்லாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருக்கிறது. யோக்கியனாக இருப்பதற்கும் துணை வேண்டும்.

துணையோடு காசும் வேண்டும். நான் காமர்ஸ் படித்தவன். எந்த உபதேசத்தைக் கேட்டாலும் 'செலவு யார் கணக்கில்?' என்றுதான் முதலில் பார்ப்பேன். 2024 ஜூனில் சென்னை ஐகோர்ட் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தது. ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சீனியர்களுக்குச் சொல்லுமாறு தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. தர்மபுரி கணக்கு 15,000. என்னைக் கேட்டால், தொழில் ஒழுக்கத்தின் முதல் பாடம் இதுதான். அடுத்த வேளை சோற்றுக்கு சீனியர் முகத்தைப் பார்த்து நிற்கிறவனால், 'பொய் சொல்ல மாட்டேன் சார்' என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

அதனால், ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டிலும் ஓர் அறை போதும். மாதம் ஒரு சனிக்கிழமை. ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி, நேர்மைக்குப் பேர் வாங்கின ரெண்டு மூத்த வக்கீல்கள். பேர் சொல்லாமல் சிக்கலைச் சொல்லிக் கேட்கலாம், கேட்டது வெளியே போகாது என்ற ஒரே உத்தரவாதம். பெரிய பட்ஜெட் ஒன்றும் ஆகாது.

முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இது வக்கீலுக்கு இல்லை, உங்களுக்கு. சொத்துத் தகராறிலோ, செக் கேஸிலோ, தப்பு நம் பக்கம் என்று நமக்கே தெரிந்த ஒரு விவகாரத்தில் வக்கீல் ஆபீஸில் போய் உட்கார்ந்ததும் நாம் முதலில் கேட்பது என்ன?

''எத்தனை வருஷம் இழுக்கலாம் சார்?''

அந்த ராத்திரி நாம் எப்படித் தூங்குகிறோம்?