வேடமும் பிறப்பும்: பி.கே. ரோசி

பி.கே. ரோசி, மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தின் கதாநாயகி. 1903இல் திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பமொன்றில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடிப்பாடித் தேர்ந்தவர். அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் சொத்தை விற்று எடுத்த அந்தப் படத்தில் அவருக்கு வாய்த்தது சரோஜினி என்ற நாயர் பெண்ணின் வேடம். படம் திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் வெளியானது; ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உண்டு. புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறுக்காதவர்கள் திரைமீது கல்லெறிந்தார்கள். ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்றும், அவர் லாரி ஒன்றில் ஏறித் தப்பினார் என்றும் சொல்லப்படுகிறது. பிறகு அவர் நடிக்கவே இல்லை. படமும் அழிந்துபோயிற்று.

அரங்கில் தெரிவது நடிகரா, பாத்திரமா என்பது அழகியலின் பழைய கேள்வி. நாட்டிய சாஸ்திரத்துக்கு உரை கண்ட மரபில் சங்குகர் இதற்கு ஒரு விடை சொன்னார். ஓவியத்தில் இருப்பதைக் காட்டி "இது குதிரை" என்கிறோம். அந்த அறிவு மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல, ஐயமும் அல்ல, ஒப்புமையும் அல்ல. நடிகரை இராமனாகக் காண்பதும் அத்தகையதே. அபிநவகுப்தர் சங்குகரை மறுத்தவர்தான். ஆனாலும் இடம், காலம், ஆள் என்ற கட்டுகள் கழன்றால்தான் சுவை பிறக்கும் என்றார். இந்தக் கணக்கின்படி ரோசியின் பிறப்பு சரோஜினியின் குறுக்கே வந்திருக்கக் கூடாது. அதுவும் மௌனப்படம், பேச்சைக்கொண்டு ஆளை இனங்காணக்கூட வழியில்லை.

நாட்டிய சாஸ்திரத்துக்குள்ளேயே மறுபக்கமும் இருக்கிறது. வேதம் மறுக்கப்பட்டவர்களுக்கும் உரிய ஐந்தாம் வேதமாக நாட்டியம் படைக்கப்பட்டது என்று தொடங்கும் நூல், முனிவர்களைப் பகடி செய்த பரதரின் மக்கள் சூத்திரராகும்படி சபிக்கப்பட்ட கதையைக் கடைசியில் சொல்கிறது. கலை எல்லோருக்கும் பொது, கலைஞர் மட்டும் கீழோர். ஆகவே கல்லெறிந்தவர்களை ரசனை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது எளிய விடை. அவர்களும் ஒரு மரபின் பிள்ளைகள்தான்.

வேடம் எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். ஜெமினியின் 'நந்தனார்' (1942) படத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நாயனாரான நந்தனாராகத் தண்டபாணி தேசிகர் நடித்தார், 1935இல் கே.பி. சுந்தராம்பாள் பெண்ணாயிருந்தும் அதே வேடத்தை ஏற்றார். இறங்கிவரும் வேடத்துக்குப் பிறப்பு தடையாகவில்லை. ஏறிப்போன வேடம்தான் கல்லடி பட்டது.

ரோசியின் பிற்கால வாழ்க்கை இந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறது. பிள்ளைப் பட்டம் கொண்ட மேல்சாதி லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து 1988இல் இறந்தார் என்பர். அரிதாரம் கலைந்தால் வேடம் முடியும் என்பது கொட்டகை வழக்கம். திரையில் சில மணி நேரம்கூட மேல்சாதிப் பெண்ணாக இருக்க விடப்படாதவர், தெருவில் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தார். முகம் அதே முகம்தான். பார்த்தவர்களுக்கு முன்கதை தெரியாது, அவ்வளவுதான். ஒருவரிடம் சாதி ஒட்டியிருக்கிறது என்றால், அது பார்ப்பவரின் முன்னறிவில் ஒட்டியிருக்கிறது.

அந்த முன்னறிவு கடல் கடந்தும் போகிறது: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டா கிளாரா வட்டாரத்திலும் சாதி பற்றிய வாதம் ஓயவில்லை. அங்கே மவுண்டன் வியூவில் தலைமையகம் கொண்ட கூகுள், 2023 பிப்ரவரி 10 அன்று தன் தேடல் முகப்பில் ரோசியின் ஓவியத்தை வைத்தது. அதே ஆண்டு, சான்டா கிளாரா நகரமும் அடங்கிய தொகுதியின் மாநில செனட்டர் ஆயிஷா வஹாப், சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்கும் எஸ்.பி. 403 மசோதாவைக் கொண்டுவந்தார். இது இந்துக்களைக் குறிவைக்கிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். சாதி கிறிஸ்தவரிடமும் சீக்கியரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு என்றார்கள் ஆதரித்தவர்கள். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். வம்சாவளி, மதம் முதலியவற்றின் பேரில் காட்டும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, சாதியும் அவற்றில் அடங்கும் என்பது அவர் சொன்ன காரணம்.