படுக்கைப்புண் வராத ஆறு ஆண்டுகள்

முதலில் 'நான்' என்றுதான் எழுத உட்கார்ந்தார். இரண்டு பத்தி தாண்டவில்லை. ரெஸ்யூமேயில் 'நான்' வரக்கூடாது என்று பதினைந்து வருடமாக ஊராருக்குச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அந்தச் சொல் வராமல் போய்விட்டது போலிருக்கிறது. ஆகவே இங்கே 'அவர்'.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர். இப்போது வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுக்கிறார். 2024 தொடக்கத்தில் ஒரு பெண்மணி வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் பத்து ஆண்டு மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்தவர். ஆத்தூரில் மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டுப் போனார். மாமியார் காலமான பிறகு திரும்பி வந்திருக்கிறார். இந்தக் கதை ரெஸ்யூமே திருத்துகிறவருக்குப் புதிதல்ல.

புதிதாக இருந்தது ஒரே ஒரு வரி.

மாமியாரைப் பார்த்துக்கொண்ட அந்த ஆறு ஆண்டுகளை அந்தம்மா ஒளிக்கவில்லை. 'பணி அனுபவம்' என்ற தலைப்பின் கீழ், வேலை பார்த்த இரண்டு கம்பெனிகளை எப்படிப் போட்டிருந்தாரோ அப்படியே இதையும் போட்டிருந்தார். இடம், ஆத்தூர். காலம், 2017 முதல் 2023 வரை. பொறுப்பு, படுத்த படுக்கையாக இருந்தவரின் முழுநேரப் பராமரிப்பு. அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாகவும், ஆறு ஆண்டில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அவர் அதை அழித்துவிட்டு, 'குடும்பக் காரணங்களால் பணி இடைவெளி' என்று அடித்தார். ஒரு நிமிட வேலை.

அந்தம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்தப் புண்ணு வராதத எங்க சார் எழுதறது?"

"இன்டர்வியூல கேட்டா சொல்லுங்க மேடம்."

இரண்டு மாதத்தில் வேலை கிடைத்தது. நன்றி சொல்லப் போன் செய்தார். அதைப் பற்றிக் கேட்டார்களா என்று இவர்தான் வாய் விட்டு விசாரித்தார். "இல்ல சார், கேக்கவே இல்ல" என்று சிரித்தார் அந்தம்மா. குறையாகச் சொல்லவில்லை. சொன்ன யோசனை பலித்தது, வேலையும் கிடைத்தது. இதில் உறுத்த என்ன இருக்கிறது?

ஆனாலும் உறுத்துகிறது. ஒரு நாள் இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 12 தடவை. ஆறு ஆண்டுக்கு 26,280. லீப் வருடத்தைச் சேர்க்கவில்லை. நடுநிசி இரண்டு மணியும் விடியற்காலை நாலு மணியும் இதில் அடக்கம். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்தம் ஓடாது. இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் தோல் முதலில் சிவக்கும், பிறகு உடையும். நர்சுகள் மாறி மாறிப் பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இது வருகிறது. இந்த வீட்டில் வரவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. 'சாதித்ததை எண்ணில் சொல்லுங்கள்' என்பது அவரே எல்லாக் கூட்டத்திலும் முழங்குகிற பாடம். டீமை நடத்தினேன் என்று எழுதாதீர்கள், எத்தனை பேர் என்று எழுதுங்கள் என்பார். அந்தம்மா அப்படி ஒரு இலவசக் கூட்டத்துக்கு வந்து, குறிப்பெடுத்துக்கொண்டு போய், சொன்னபடியே செய்திருக்கிறார். எண் பூஜ்யம். டெஸ்டிங்கில் இருப்பவர்கள் கனவு காண்கிற எண் அதுதான். பாடம் சொன்னவரே அதை அடித்துவிட்டார்.

அழித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரெஸ்யூமேயை ஆள் எடுப்பவரின் கண் எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அமெரிக்காவின் 'லேடர்ஸ்' என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் அளந்தது. முதல் பார்வைக்குச் சராசரியாக 7.4 விநாடி. அந்தக் கண்ணுக்கு முன்னால் மென்பொருளின் சல்லடை வேறு இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இல்லாதவர்களை ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் அந்தச் சல்லடையிலேயே தள்ளிவிடுகின்றன. ஆறு மாதத்துக்கே இந்தப் பாடு.

மறுபக்கமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்களுக்காக டாட்டா குழுமம் 2008இல் தனித் திட்டம் தொடங்கியது. சென்னையில் 'அவதார்' இரண்டாயிரமாவது ஆண்டிலிருந்தே இந்தத் துறையில் இருக்கிறது. 2022இல் லிங்க்ட்இன் 'பணி இடைவெளி' என்று தனிக் கட்டமே கொடுத்தது. பராமரிப்பும் அதில் ஒரு வகை. இடைவெளியை மறைக்காதீர்கள், ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சமீபத்தில் படித்ததை மேலே வையுங்கள் என்பதே இவரும் எல்லாருக்கும் சொல்வது. அந்த ஒரே வரி எந்த வரி என்பதில்தான் இப்போது சிக்கல்.

கட்டம் என்றதும் அவருக்கு இன்னொரு கட்டம் நினைவுக்கு வருகிறது. கோவில்பட்டியில் அவர் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பனார் தொழில், தாயார் தொழில் என்று இரண்டு கட்டம். தாயார் கட்டத்தில் வாத்தியார் எல்லாருக்கும் 'இல்லை' என்று எழுதச் சொன்னார். அவரும் எழுதினார். அம்மா அப்போது வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். சாயங்காலம் ஏஜென்டு வரும்போது கணக்கில் ஒரு பெட்டி குறையாது. பசை காய்ந்த விரலோடுதான் சோறு போடுவாள். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். 'இல்லை' என்பதைப் படித்தாளா என்று அவருக்கு ஞாபகமில்லை. படித்திருப்பாள், எழுத்துக் கூட்டி.

காத்திருப்பதே தகுதியாக இருந்த காலமும் ஒன்று இருந்தது. அவருடைய சித்தப்பா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்துவிட்டு வருவார். பதிவு மூப்பு என்று அதற்குப் பெயர். எத்தனை வருடம் சும்மா இருந்தாரோ அத்தனை வருடம் வரிசையில் முன்னால் நகர்ந்தார். அவருடைய இடைவெளியை அரசாங்கமே எண்ணி வைத்துக்கொண்டது. நல்ல முறை என்று சொல்ல வரவில்லை. சித்தப்பாவுக்கு வேலைக்கான கார்டு வந்தபோது தலை நரைத்திருந்தது. ஆனால் வெற்று வருடம் என்று ஒன்றை யாரும் கேட்டதில்லை.

எங்கேயோ ஆரம்பித்தது எங்கேயோ போகிறது. ரெஸ்யூமேக்கே திரும்பி, லியோனார்டோ டாவின்சிக்கு வருவோம். மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு 1482 வாக்கில் அவர் ஒரு கடிதம் எழுதினார். உலகின் முதல் ரெஸ்யூமே என்று பலரும் சொல்வது அதைத்தான். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், மூடிய போர் வண்டி செய்வேன் என்று வரிசையாக எண் போட்டு அடுக்கியிருப்பார். ஓவியம் வரைவதைப் பற்றிய பேச்சு கடைசியில்தான். 'பார்த்தீர்களா, எசமானுக்கு எது வேண்டுமோ அதை முன்னால் வைத்தார்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார் நம்மவர்.

போன மாதம் அதே உதாரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாக்கு தடுமாறியது. லியோனார்டோ ஓவியத்தைக் கடைசியில் வைத்தார், சரி. அழிக்கவில்லையே?

சம்பளமில்லாத வேலையை எண்ணிப் பார்க்க நாடே இப்போது தயாராகத்தான் இருக்கிறது. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிடம் அதில் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அப்படி வாங்கிய சொத்தில் பாதி உரிமை உண்டு என்றது. கோர்ட்டு படித்ததைக் கம்பெனி படிக்க வேண்டுமா? கோர்ட்டுக்கு அவசரமில்லை, 7.4 விநாடிக் கணக்கு அங்கே கிடையாது.

இப்போதெல்லாம் அவரிடம் வருகிற ரெஸ்யூமேக்களில் பாதி சாட்ஜிபிடி எழுதியவை. எல்லாரும் 'முன்னின்று வழிநடத்தி'யிருக்கிறார்கள், எல்லாரும் 'மதிப்பைக் கூட்டி'யிருக்கிறார்கள். வரி விடாமல் பளபளப்பு. வாசித்து முடித்ததும் ஒருவர் முகமும் நிற்பதில்லை. அந்தம்மாவின் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே நிற்கிறது. எந்த இயந்திரத்துக்கும் அது தோன்றியிருக்காது. ஆனால் இயந்திரமே சலித்தெடுக்கிற இடத்தில் அது எடுபட்டிருக்குமா?

கேட்டே விடலாம் என்று அந்தம்மாவுக்குப் போன் செய்தார். பழைய வரியை விட்டிருக்கலாமோ என்று இழுத்தார். மறுமுனையில் ஆபீஸ் சத்தம். "தெரியல சார். அது இருந்திருந்தா கூப்பிட்டிருப்பாங்களான்னு எனக்கும் தெரியாது. எதுக்கு சார் இப்போ?" என்றார். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். முப்பது வயது இருக்கும். இரண்டு வருடம் வேலை இல்லை, அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாகவும் ஒருமுறைகூடத் தவறவில்லை என்றும் எழுதியிருந்தான். அவர் அந்த வரியை மவுஸால் இழுத்து நீலமாக்கினார். டெலீட் பட்டனில் விரல் இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் இரண்டு ரெஸ்யூமே அனுப்பினார். ஒன்றில் அந்த வரி இருந்தது, கடைசியில். இன்னொன்றில் இல்லை.

"எதை அனுப்பறது சார்?" என்று பையன் கேட்டான்.

அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறான் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.