நெற்றியும் நெஞ்சும்

ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிலே வாளும் வேலும் கிடைத்தன. 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தார். அந்த வாள் யாருக்காக உயர்ந்தது என்பதை நாம் அறியோம். ஆனால் அதே சீமையில், பாஞ்சாலங்குறிச்சியில் உயர்ந்த துப்பாக்கி யாருக்காக என்பதை நன்கறிவோம்.

1801 மார்ச்சு 31இல் மண்கோட்டையை முட்டிப் பார்த்துப் பின்வாங்கியது கும்பினிப் படை. பின்னர் வெள்ளையரின் 77ஆம் படைப்பிரிவு உள்ளிட்ட துணைப்படைகளை வரவழைத்து, மே 24இல் கோட்டையைப் பிடித்தது. வெள்ளையன் மட்டுமா சுட்டான்? அவனோடு அணிவகுத்து நின்றோர் நம் நாட்டுச் சிப்பாய்களன்றோ! வயிற்றுக்காகப் போனான் என்பர். ஒப்புகிறோம், பசித்தவனைப் பழிக்க, உண்டு களித்தோருக்கு வாயேது?

ஆனால், 1806 சூலை 10இல் வேலூரில் அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் பொங்கியெழுந்தனர். சிறையிருந்த திப்புவின் மக்களும் அதற்கொரு காரணம் என்பர். அது ஒருபுறம் இருக்கட்டும். பொறி எது? புதுத் தலைப்பாகை அணி, நெற்றிக்குறியை அழி, காதணியைக் கழற்று என்ற ஆணை! துரையை எதிர்க்கவும், உயிரைத் துரும்பென எறியவும் துணிவு இருந்தது அவர்களிடம். ஐந்தாண்டுக்கு முன், சொந்தச் சீமையின் மனிதனைச் சுடு என்றபோது அத்துணிவு எங்கே உறங்கிற்று? குறி அழிந்தால் கொதிக்கவும், மனிதன் அழிந்தால் வாளாவிருக்கவும் அந்த நெஞ்சைப் பழக்கியது கும்பினி தந்த கூலிதானா? கும்பினி வருமுன்பே நம் கோயிலும் குலமும் பழக்கி வைத்ததா?