தேய்ந்த எண்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். அவருடைய பாட்டனார் அங்கே அடக்கமாகியிருக்கிறார். தலைமாட்டில் ஒரு பளிங்குப் பலகை. பெயரில் பாதி போய்விட்டது. இறந்த ஆண்டின் கடைசி எண் மூன்றா, எட்டா என்று விரலால் தடவிப் பார்த்தும் தெரியவில்லை. கோயில் பதிவேட்டைக் கேட்டால், அந்தப் பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டதாம்.

"எட்டுன்னே வெட்டிடலாங்க. யாரு கேக்கப் போறாங்க?" என்றார் கூட வந்த கல்தச்சர்.

நண்பர் என்னைப் பார்த்தார். பொய்யை எழுதியே பிழைப்பவன் நான். என்னிடமா தீர்ப்புக் கேட்பது!

பளிங்கு என்பது சுண்ணாம்பின் இனம். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலம். ஒவ்வொரு ஐப்பசியும் அது எழுத்தின் விளிம்பைக் கொஞ்சம் கரைக்கிறது. எண்ணெயும் நிலக்கரியும் எரிந்த புகையில் கந்தகம் கலந்திருந்தால், கல்லின் மேல்தோல் ஜிப்சமாக மாறிப் பொருக்குப் பொருக்காக உதிரும். தொழிற்சாலைகளும் லாரிகளும் நிறைந்த அந்தப் பக்கத்தில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தப் புகையில்தான் நண்பரின் மகனுக்குச் சம்பளம் வருகிறது.

கருங்கல்லாக இருந்தால் தாங்கியிருக்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடப்பது நம் பல்லாவரத்துப் பக்கத்துக் கல். அவர் இறந்து இருநூறு ஆண்டு கழித்து, 1893ல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தப் பாறை இனத்துக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். கல் நின்றது, புகழ் நிற்கவில்லை. கல்கத்தாவை நிறுவியவர் அவரல்லர் என்று 2003ல் அந்த ஊர் உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்னும் பழையவர்கள் பெயரே எழுதவில்லை. காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பக்கமெல்லாம் பாறைகளை வட்டமாக வைத்து, நடுவே இறந்தவர்களைப் புதைத்தார்கள். கிராமத்தார் அதைப் பாண்டவர் குழி என்பார்கள். 2022ல் ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, கற்காலக் கருவி செய்தவன்கூட அங்கே இருந்தது தெரிந்தது. அவனுக்கு யார் திதி கொடுப்பது? நடுகல்லுக்குக் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை வகுத்தது. எழுத்து தேய்ந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

தேயட்டும், மழைக்கு அந்த உரிமை உண்டு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் நண்பர், "வெறும் பலகையாகப் போனால், நாளைக்கு நிலம் திருத்த வருகிறவன் இதைக் கல் என்றுதானே நினைப்பான்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மழைக்கு நூறு வருஷம் பிடிக்கிற வேலை. மண் வாரும் இயந்திரத்துக்கு ஒரு முற்பகல் போதும். இங்கே ஒரு மனிதர் கிடக்கிறார் என்று சொல்லியாக வேண்டும். அதற்காக, அவர் எப்போது செத்தார் என்று நாமே தீர்மானித்துவிடலாமா? கதையில் நான் கொல்லுகிறவர்கள் என் ஆட்கள். அவர்கள் சாவை எந்த வருஷத்திலும் வைக்கலாம். இவர் என் ஆள் அல்லர். கல்தச்சரின் ஆளும் அல்லர்.

"பெயரை முழுக்க வெட்டச் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியும். ஆண்டில் தெரிகிற மூன்று எண்களை மட்டும் வெட்டட்டும்" என்றேன்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. தம் தாத்தாவைக் குறையாக விடுகிறோமே என்ற வருத்தம் முகத்தில் இருந்தது. பிறகு சரியென்று தலையசைத்தார்.

கல்தச்சருக்குத்தான் திருப்தியில்லை. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார். கரித்துண்டால் கோடு போட்டு, நாலாவது எண்ணுக்கு இடம் விட்டுக்கொண்டே, "வெட்டாத எழுத்துக்குக் கூலி உண்டுங்களா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றார் நண்பர்.